பயோஸை மாற்றிய பிறகு கணினி எழாவிட்டால்

2022இல் ரூபா சரிந்தபோது கொழும்பில் பழைய கணினிகளின் மதிப்புக் கூடியது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடு வேறு. மதர்போட், ப்ரொசெசர், ரேம் என்று மொத்தமாக மாற்றுவது சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாமல் போனது. மூலையில் கிடந்த எச்81, பி85 மதர்போட்களும், வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட இங்கே பாவித்த பொருளாக வந்திறங்கிய கியூ87 கணினிகளும் மறுபடி மேசைக்கு ஏறின. அவற்றை வேகப்படுத்த மலிவான வழி என்விஎம்இ எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு டிரைவ் ஒன்றைச் செருகுவதுதான். ஆனால் 2013 வாக்கில் வந்த அந்த மதர்போட்களின் பயோஸுக்கு, அதாவது பவர் கொடுத்ததும் கணினியை எழுப்பும் மென்பொருளுக்கு, என்விஎம்இ டிரைவை வாசிக்கத் தெரியாது. விண்டோஸ் ஏறிய பிறகு டிரைவ் தெரியும். அந்த டிரைவிலிருந்து விண்டோஸை ஏற்ற மட்டும் முடியாது. ஆகவே பயோஸ் கோப்புக்குள், அந்த டிரைவை வாசிக்கத் தெரிந்த என்விஎம்இ மொடியூல் ஒன்றைச் சேர்த்து, மாற்றிய கோப்பைச் சிப்பில் எழுதும் வேலை பரவலாயிற்று.

அப்படி எழுதிய பிறகு எழாமல் போன கணினிகள் வெள்ளவத்தையில் என்னிடம் வந்தபடி இருக்கின்றன. கணினி திருத்துவது என் தொழில். உயர்தரம் படிக்கும் பிள்ளையின் ஒரே கணினி, வீட்டிலிருந்து கணக்கெழுதிப் பிழைக்கும் ஓர் அக்காவின் ஒரே கணினி என்று ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. "மதர்போட் செத்துவிட்டதா, அண்ணா?" என்பதுதான் முதல் கேள்வி. பயோஸ் மாற்றத்தால் மதர்போட் உண்மையாகவே சாவது அரிது. பயோஸ் என்பது எட்டுக் கால் சிப் ஒன்றில் எழுதியிருக்கும், பெரும்பாலும் 8 அல்லது 16 மெகாபைட் தரவு. எழுதியது பிழைத்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். 1999 ஏப்ரல் 26ஆம் திகதி சிஐஎச் வைரஸ் உலகெங்கும் கணினிகளின் பயோஸை அழித்தபோதும், சிப்பை மாற்றியோ மறுபடி எழுதியோ மீட்கப்பட்டவை ஏராளம். எதை எழுதுவது என்பதுதான் கேள்வி. அதே மதர்போட்டிலிருந்து, மாற்றத்துக்கு முன்னர் வாசித்தெடுத்த பிரதி ஒன்று கையில் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் ஒவ்வொரு பகுதியாகத் தேடி ஒட்ட வேண்டும். எழுதுவதற்கு முன் வாசித்து வையுங்கள் என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் மன்றாடுகிறேன்.

வேலையைத் தொடங்கும் இடம் ஸ்க்ரூ டிரைவர் அல்ல. பழுது எந்த அடுக்கில் என்று பார்க்க வேண்டும். சிப்பில் எழுதிய தரவு கெட்டிருக்கலாம். தரவு நலமாக இருந்து செட்டிங் மட்டும் மாறியிருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து விண்டோஸ் முரண்டு பிடிக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். செட்டிங் பிழையை ஆற அமர நாலு நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். பதறிப்போய் நாலு தடவை பயோஸை எழுதி நல்ல சிப்பையும் கெடுத்துக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

முதற்சோதனை இது. பவர் கேபிளைக் கழற்றிவிட்டு ரேம் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மதர்போட்டின் ஸ்பீக்கர் பின்களில் ஒரு சிறு பஸ்ஸரைப் பொருத்துங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்னணுக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பிறகு பவர் கொடுங்கள். பீப் சத்தம் எழுந்தால் பயோஸ் ஓடுகிறது. ரேம் இல்லை என்று சொல்லும் அளவுக்காவது அதன் தொடக்கப் பகுதி நலமாக இருக்கிறது. சத்தமே இல்லை, ப்ரொசெசர் விசிறி மட்டும் முழு வேகத்தில் இரைந்துகொண்டே இருக்கிறது, ஒரு கணம்கூடத் தணியவில்லை என்றால் சிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். விசிறியின் வேகத்தைக் குறைப்பதும் பயோஸின் வேலைதானே. இன்னொரு சோதனை விசைப்பலகையில் இருக்கிறது. ரேமைப் போட்டு இயக்கி, சற்றுப் பொறுத்து எண் விசைகளுக்கான 'நம் லொக்' (Num Lock) விசையை அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் கணினி எழுந்துவிட்டது; திரைக்குத்தான் படம் வரவில்லை.

எழுதி முடித்த முதல் தடவை எழும்போது ரேமின் நேர அளவுகளைப் பயோஸ் புதிதாகக் கணக்கிடும். சில மதர்போட்கள் தாமாகவே அணைந்து மறுபடி எழும். அதைக் கண்டு பவரை நிறுத்தாதீர்கள். ஐந்து நிமிடமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும்.

திரை வராத விடயத்தில், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி கொண்டு வந்த எச்81 மதர்போட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இதே முடிச்சோடு பலர் வருகிறார்கள். என்விஎம்இ மொடியூலை அவன் சேர்த்திருந்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. எழுதிய பின் கணினி எழுந்தது, செட்டிங் பக்கத்துக்கும் போனான். என்விஎம்இயிலிருந்து எழ யூஇஎஃப்ஐ என்ற புதிய முறை வேண்டும் என்பதால் சிஎஸ்எம் என்ற பழைய முறைக்கான ஆதரவை நிறுத்திச் சேமித்தான். அந்தக் கணத்திலிருந்து திரை கறுப்பு. பயோஸ் போய்விட்டது என்றே நினைத்துவிட்டான். நம் லொக் விளக்கோ ஒழுங்காக எரிந்தது. பார்த்தால் மேல் ஸ்லொட்டில் மிகப் பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்று. யூஇஎஃப்ஐ முறையில் திரைக்குப் படம் அனுப்ப ஜிஓபி என்ற மென்பொருள் கார்டின் சொந்தச் சிப்பில் இருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கார்ட்களில் அது கிடையாது. சிஎஸ்எம் இருந்தவரை படம் வந்தது, நிறுத்தியதும் போனது. கார்டைக் கழற்றி, மொனிட்டர் கேபிளை மதர்போட்டின் சொந்தப் போர்ட்டில் செருகினேன். படம் வந்தது.

அந்தக் கணினியில் இன்னொன்றும் இருந்தது. பெரிய ஸ்லொட்டைக் கார்ட் பிடித்திருந்ததால் என்விஎம்இயை எக்ஸ்1 ஸ்லொட்டில் ஓர் அடெப்டரில் செருகியிருந்தான். எச்81இன் ஸ்லொட்கள் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 வேகத்தில்தான் ஓடும். எக்ஸ்1 ஸ்லொட்டில் உள்ள ஒரே லேனில், அதாவது ஒரே தரவுப் பாதையில், செக்கனுக்கு ஏறத்தாழ 400 மெகாபைட்டுக்கு மேல் போகாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 550 கொடுக்கும். இவ்வளவு பாடுபட்டுப் பயோஸை மாற்றி, சாட்டாவை விடக் குறைந்த வேகத்தை வாங்குவதில் என்ன பயன்? பழைய கார்டை விட்டுவிட்டு என்விஎம்இயைப் பெரிய ஸ்லொட்டுக்கு மாற்றினோம். நாலு லேனும் கிடைத்து 1,600ஐ ஒட்டி ஓடியது. படம் வராத சிக்கலும் வேகச் சிக்கலும் சேர்ந்தே தீர்ந்தன. விண்டோஸ் பதியும் பென்டிரைவை யூஇஎஃப்ஐ முறையில் எழ வைத்து, டிரைவை ஜிபிடி முறையில் பிரித்துப் பதிந்தோம். பூட் பட்டியலில் டிரைவின் பெயர் வராமல் 'பாட்டா எஸ்எஸ்' என்று மட்டும் வந்ததைப் பார்த்து அவன் மறுபடி முகம் வாடினான். இந்த மொடியூலைச் சேர்த்த பழைய பயோஸ்களில் என்விஎம்இ டிரைவ் அந்தப் பெயரில்தான் தெரியும். விண்டோஸ் பதிந்ததும் 'விண்டோஸ் பூட் மனேஜர்' என்ற பெயரும் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். அதைத்தான் முதலாவதாக வைக்க வேண்டும்.

செட்டிங் அடுக்கில் இன்னும் இரண்டு வழக்கமான தொல்லைகள் உண்டு. பயோஸ் எழுதியதும் எல்லா செட்டிங்கும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். முன்பு பயோஸ் டிரைவோடு பேசும் சாட்டா முறை ஐடிஇ என்று இருந்து இப்போது ஏஎச்சிஐ என்று மாறியிருந்தால், பழைய டிரைவில் உள்ள விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும். விண்டோஸைப் புதிதாகப் பதிய வேண்டியதில்லை. சாட்டா முறையைப் பழையபடி வைத்தால் போதும். மாற்றத்துக்கு முன்னர் செட்டிங் பக்கங்கள் ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தால் தேடவே வேண்டாம். மற்றது கடிகாரம். பற்றரி பலமிழந்த மதர்போட்டில் திகதி 2013க்கோ 2014க்கோ போய்விடும். விண்டோஸ் நன்றாக எழும். எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்று மறுக்கும். மாற்றிய பயோஸில் வைரஸ் இருந்ததாக நம்பி ஓடி வந்தவர்கள் இருக்கிறார்கள். திகதியைத் திருத்தி, சிஆர்2032 பற்றரி ஒன்றை மாற்றினால் தீர்ந்தது.

பற்றரி என்றதும் ஒன்று. அதைக் கழற்றி மாட்டினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை ஆழமாக ஊறிக் கிடக்கிறது. கழற்றினால் செட்டிங் மட்டுமே பழைய நிலைக்குத் திரும்பும். யூஇஎஃப்ஐ மதர்போட்களில் செட்டிங்கின் பெரும்பகுதி பயோஸ் சிப்பிலேயே இருப்பதால் சில வேளை அதுவும் நடக்காது. மதர்போட்டில் இதற்கென உள்ள ஜம்பரைப் பாவிக்க வேண்டும். சிப்பில் உள்ள பயோஸ் பிழையானது என்றால் பற்றரியை எத்தனை நாள் வெளியே வைத்தாலும் பலனில்லை.

இனிச் சிப். பழுது சிப்பில்தான் என்று தெரிந்தபின், புதிதாக எதையும் எழுத முன்னர், கெட்டிருக்கும் அந்தத் தரவையே முதலில் வாசித்துச் சேமியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். இன்டெல் மதர்போட்டின் சிப்பில் பயோஸ் மட்டும் இருப்பதில்லை. முதலில் மற்றப் பகுதிகள் எங்கே என்று சொல்லும் டிஸ்கிரிப்டர் என்ற சிறு பகுதி, இன்டெல் நெட்வேர்க் இருந்தால் நெட்வேர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் அதன் மேக் முகவரி, பிறகு மனேஜ்மென்ட் எஞ்சின் எனப்படும் இன்டெலின் சொந்த மென்பொருளான எம்இ, கடைசியில் பயோஸ். மாற்றும்போது பெரும்பாலும் பயோஸ் பகுதிதான் கெடுகிறது. மற்றவை அப்படியே இருக்கின்றன. அவசரப்பட்டுச் சிப்பை முழுதாக அழித்தால் மேக் முகவரி, தொடர் எண், மதர்போட்டோடு வந்த விண்டோஸ் உரிமக் குறியீடு எல்லாம் சேர்ந்து அழிகின்றன.

வாசிப்பதற்கு நான் பாவிப்பது சிப்பை நேரடியாக வாசித்து எழுதும் சிஎச்341ஏ ப்ரோக்ராமர் என்ற சிறு கருவியும், சிப்பின் கால்களைக் கடித்துப் பிடிக்கும் ஒரு கிளிப்பும். இதில் ஓர் ஆபத்து உண்டு. கறுப்பு நிறத்தில் வரும் பிரபலமான வகை, சிப்புக்கான மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டில் கொடுத்தாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட்டை அனுப்புகிறது. பல சிப்கள் தாங்கிக்கொள்கின்றன. தாங்காத நாளும் வரும். மின்னழுத்தத்தைத் தெரிவு செய்யும் சுவிட்ச் உள்ள வகையை வாங்குங்கள். சிப்பின் முதுகில் உள்ள எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசியுங்கள். எம்எக்ஸ்25எல் என்று தொடங்கினால் 3.3 வோல்ட், எம்எக்ஸ்25யூ என்று தொடங்கினால் 1.8 வோல்ட். டபிள்யூ25கியூ64 வகையில் கடைசி எழுத்துகள் எஃப்வி என்றால் 3.3, எஃப்டபிள்யூ என்றால் 1.8. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். 1.8 வோல்ட் சிப்பை அதற்குரிய அடெப்டர் இல்லாமல் தொட வேண்டாம்.

கிளிப்பை மாட்ட முன்னர் பவர் கேபிளையும் பற்றரியையும் கழற்ற வேண்டும். சிப்பின் மூலையில் உள்ள புள்ளியும் கிளிப்பின் சிவப்புக் கம்பியும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். கடலை ஒட்டிய வீடுகளில், மரைன் டிரைவ் பக்கத்து மாடிகளில் குறிப்பாக, உப்புக்காற்று எல்லாவற்றிலும் ஏறிவிடுகிறது. சிப்பின் கால்களில் மங்கிய பச்சைப் படலம் படிந்திருக்கும். அதன்மேல் கிளிப்பைக் கடிக்க வைத்தால் தொடுகை கிடைக்காது. வாசித்த கோப்பு முழுவதும் வெற்றுச் சிப்பைப் போல எஃப்எஃப் என்றே வரும். அதைப் பார்த்துச் சிப் வெறுமையாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஐசோப்ரொப்பைல் அல்கஹோலில் நனைத்த தூரிகையால் கால்களைத் துடைத்துவிட்டு மறுபடி வாசியுங்கள். இரண்டு தடவை வாசித்து இரண்டு கோப்பையும் ஒப்பிட வேண்டும். ஒரு பைட் வேறுபட்டாலும் எழுதும் வேலைக்குப் போகக் கூடாது. கிளிப் கொடுக்கும் மின்சாரத்தை மதர்போட்டின் மற்றப் பாகங்களும் இழுக்கின்றன. அதனால் வாசிப்புத் தடுமாறும் மதர்போட்களில் சிப்பைக் கழற்றியெடுத்துத்தான் வாசிக்க வேண்டும். சொக்கெட்டில் இருக்கும் சிப்பைக் கழற்றி மாட்டும்போது எட்டுக் கால்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு கால் சொக்கெட்டுக்குள் இறங்காமல் சிப்பின் வயிற்றுக்கு அடியில் மடிந்துகிடந்த மதர்போட் ஒன்றைச் செத்ததாகச் சொல்லி ஒருவர் கொண்டு வந்தார். சாமணத்தால் அந்தக் காலை நிமிர்த்தியதோடு கணினி எழுந்தது.

வாசித்த கோப்பு உண்மையானதா என்று பார்க்க, ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் முறையில் திறந்து இரண்டாவது வரியைப் பாருங்கள். இன்டெல் மதர்போட் என்றால் அந்த வரி 5ஏ, ஏ5, எஃப்0, 0எஃப் என்று தொடங்க வேண்டும். அது டிஸ்கிரிப்டரின் அடையாளம். அது இருந்தால் வாசிப்பு நல்ல இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறது.

எழுதப் போகும் கோப்பின் அளவு அடுத்தது. 8 மெகாபைட் சிப் என்றால் கோப்பு சரியாக 8,388,608 பைட் இருக்க வேண்டும். உற்பத்தியாளர் தளத்திலிருந்து இறக்கும் சில கோப்புகள் கேப் என்ற பின்னொட்டோடு 8,390,656 பைட் இருக்கும். முன்னால் ஒட்டியிருக்கும் 2,048 பைட் தலைப்புத்தான் அந்த மிகை. மதர்போட்டின் சொந்தக் கருவிக்கு அந்தத் தலைப்பு வேண்டும். சிப்பில் நேரடியாக எழுதும்போது அதை வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் எழுதினால் எல்லாமே 2,048 பைட் தள்ளி உட்காரும். ப்ரோக்ராமர் எழுதினேன், சரிபார்த்தேன் என்று மகிழ்ச்சியாகச் சொல்லும், மதர்போட் எழாது. இந்த ஒரே காரணத்தால் எழாமல் போனவற்றைத் தலைப்பை வெட்டி எழுதிய உடனே மீட்டிருக்கிறேன்.

அளவு சரியாக இருந்தும் எழவில்லை என்றால் மொடியூலைச் சேர்த்த விதத்தைப் பார்க்க வேண்டும். பயோஸ் கோப்பின் உள்ளமைப்பைப் பிரித்துக் காட்டும் யூஇஎஃப்ஐ டூலில் மூலக் கோப்பையும் மாற்றிய கோப்பையும் இரண்டு சாளரங்களில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வரி வரியாக ஒப்பிடுங்கள். கூடியிருக்க வேண்டியது என்விஎம்இ மொடியூல் ஒன்றுதான். இடைவெளியை நிரப்ப இடையில் இருந்த பேட் கோப்பு ஒன்று காணாமல் போயிருந்தால், அல்லது புதிதாக ஒன்று முளைத்திருந்தால், கருவி உள்ளமைப்பைக் குழப்பிவிட்டது. கருவியின் வேறு பதிப்பிலோ, எம்எம் டூல் என்ற இன்னொரு கருவியிலோ மறுபடி செய்ய வேண்டும். யூஇஎஃப்ஐ டூலின் புதிய பதிப்புகள் பார்க்க மட்டுமே உதவும். திருத்துவதற்குப் பழைய 0.28 பதிப்புத் தேவை. இடம் போதாத பயோஸ்களுக்கென்று மொடியூலின் சிறிய வடிவமும் உண்டு. இடம் பிடிப்பதற்காக ஏற்கெனவே உள்ள மொடியூல் எதையும் நீக்க வேண்டாம்.

சொந்தப் பிரதி இல்லாதவர்களுக்குத் தோன்றும் குறுக்குவழி, அதே மாடலில் இன்னொருவரின் சிப்பை வாசித்து எழுதுவது. கணினி எழும். ஆனால் அது இன்னொருவரின் அடையாள அட்டையோடு நடமாடுவதைப் போன்றது. ஒரு சிறு அச்சகத்தில் பாவித்த கியூ87 கணினிகளுக்கு யாரோ ஒரே கோப்பை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக இயக்கினால் எல்லாம் நலம். சேர்த்து இயக்கினால் நெட்வேர்க் அறுந்து அறுந்து வந்தது. ரவுட்டரை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள், இணைய நிறுவனத்தோடு சண்டை பிடித்தார்கள். கட்டளைச் சாளரத்தில் மேக் முகவரியைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பிரிண்டருக்கும் ரவுட்டருக்கும் எந்தக் கணினிக்குப் பதில் அனுப்புவது என்று தெரியவில்லை. நல்ல வேளையாக ஒவ்வொரு கணினிக்கும் பின்புறத்தில் மேக் முகவரி அச்சிட்ட ஒட்டி இருந்தது; அதைப் பார்த்து அந்தந்தக் கோப்பில் திருத்தி எழுதினோம். மேக் முகவரி 88:88:88:88:87:88 என்று தெரிந்தாலும் அதே கதைதான்: அது இன்டெல் கோப்புகளில் வெறுமனே நிரப்பி வைக்கும் முகவரி.

எம்இ பகுதியின் பழுது இன்னும் மறைவானது. கணினி எழும், விண்டோஸ் ஓடும், அரை மணி நேரத்தில் பட்டென்று அணைந்துவிடும். மறுபடி இயக்கினால் மறுபடி அதே அரை மணி நேரம். சூடு என்று நினைத்து விசிறியையும் பேஸ்டையும் மாற்றுவார்கள். பவர் சப்ளையை மாற்றுவார்கள். முதல் தலைமுறை கோர் ப்ரொசெசர்கள் வந்த காலத்திலிருந்து இன்டெல் கணினிகளில் எம்இ கெட்டிருந்தால் 30 நிமிடத்தில் அணைப்பது வடிவமைப்பிலேயே இருக்கிறது. பயோஸ் எழுதிய பிறகு வந்த தொல்லையாக, மணிக்கூட்டைப் பார்த்து வைத்தாற்போல அணைகிறது என்றால், அதே மாடலுக்கு உற்பத்தியாளர் வெளியிட்ட முழுக் கோப்பிலிருந்து சுத்தமான எம்இ பகுதியை எடுத்து உங்கள் கோப்பில் மாற்றி எழுதுங்கள்.

மடிக்கணினிகளைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பயோஸை மாற்ற வேண்டாம். 2013க்குப் பின் வந்த பலவற்றில் இன்டெல் பூட் கார்ட் பூட்டப்பட்டிருக்கிறது. உற்பத்தியாளரின் கையொப்பம் பொருந்தாத பயோஸை ப்ரொசெசரே ஓட விடாது. மூலக் கோப்பை எழுதினால்தான் மீளும். முறையான பயோஸ் புதுப்பித்தலே மடிக்கணினியில் இன்னொரு சிக்கலைக் கொண்டுவரும். பயோஸ் மாறியதை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் கண்டுபிடிக்க, டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லொக்கர் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கும். பம்பலப்பிட்டியில் ஒரு குடும்பத்துக்கு லண்டனிலிருந்து மாமா அனுப்பிய மடிக்கணினி அப்படி நின்றது. டிரைவ் பூட்டியிருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. அங்கே முதன்முதலாக இயக்கியபோது மாமா தன் மைக்ரோசொஃப்ட் கணக்கைப் பதிந்திருந்தார். குறியீடும் அவருடைய கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் தொலைபேசியில் அழைத்து, அவர் அங்கே கணக்கைத் திறந்து இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசிக்க, இங்கே தட்டித் திறந்தோம். பல்கலைக்கழகத் திட்ட வேலை முழுவதும் அதற்குள் இருந்தது. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய கணினி என்றால் பயோஸைத் தொட முன்னர் குறியீடு யாருடைய கணக்கில் இருக்கிறது என்று கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியும் வையுங்கள்.

எழுதும் நேரத்தின் மின்சாரத்தைப் பற்றிக் கொழும்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள். அதற்காவது அட்டவணை இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டபோது எந்த அறிவிப்பும் இல்லை. யூபிஎஸ் இல்லாமல் எழுத வேண்டாம். யூபிஎஸ் இருக்கிறது என்பது மட்டும் போதாது. எழுதத் தொடங்க முன்னர் சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்தி, பத்து நிமிடம் தாங்குகிறதா என்று பாருங்கள். எழுதும்போது நடுவில் பிழை என்று செய்தி வந்து, விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், கணினியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஓடும்வரை வாய்ப்பு இருக்கிறது. சேமித்து வைத்த மூலக் கோப்பை அப்போதே மறுபடி எழுதிப் பாருங்கள். பிழையில்லாமல் முடிந்த பிறகுதான் அணைக்க வேண்டும்.

சிப்பைத் தொடாமலே என்விஎம்இ டிரைவிலிருந்து விண்டோஸை ஏற்றவும் வழி இருக்கிறது. வீட்டில் ஒரே கணினி என்றால் நான் அதைத்தான் செய்து கொடுக்கிறேன். சிறு பென்டிரைவ் ஒன்றில் க்ளோவர் என்ற பூட் மென்பொருளைப் பதிந்து, அதற்குள் என்விஎம்இ டிரைவரை வைத்தால் போதும். கணினி பென்டிரைவிலிருந்து எழும், க்ளோவர் என்விஎம்இ டிரைவைக் கண்டுபிடித்து விண்டோஸை ஏற்றும். சில செக்கன் கூடுதலாகும், பென்டிரைவ் எப்போதும் செருகியே இருக்க வேண்டும். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும் பிள்ளையின் கணினியில் பயோஸை மாற்றிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ நிம்மதி.

எல்லாம் முயன்றும் எழவில்லை என்றால், திருத்துபவரிடம் மதர்போட்டை மட்டும் கொண்டு போகாதீர்கள். மாற்றுவதற்கு முன் எடுத்த பிரதி, நீங்கள் எழுதிய கோப்பு, அதை இறக்கிய இடம், எழுதிய கருவியின் பெயர், கடைசியாகத் திரையில் வந்த செய்தியின் படம், மதர்போட்டில் அச்சிட்டிருக்கும் மாடலும் பதிப்பு எண்ணும் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரே மாடலிலும் பதிப்பு 1.0க்கும் 2.0க்கும் பயோஸ் வேறாக இருக்கலாம். சிப்பை அழிக்க முன்னர் வாசித்துச் சேமிப்பாரா என்று அவரிடம் கேளுங்கள். தேவையில்லை என்று சொன்னால் மதர்போட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.